அத்தியாயம் 4: சீட்டை இறக்கி வையுங்கள்

வயது வந்தவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்க வேண்டுமா? முதலில் ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கூடவே பெடல்கள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மாற்றித் திருகினால் இறுகிக்கொண்டே போகும். பெடல் இல்லாத சைக்கிளை லேசான சரிவுள்ள மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தி உந்தி நகரச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் தன்னையறியாமல் இரண்டு காலையும் ஒரு கணம் தூக்குவார். மறுநாள் அது மூன்று கணம் நீடிக்கும். பேலன்ஸ் என்று நாம் பெரிதாகப் பேசுவது அந்தச் சில கணங்களைத்தான். அது வந்த பிறகு பெடலை மாட்டிக்கொடுத்தால், மிதிக்கப் பழகுவது சின்ன வேலை.

இப்படிக் கற்பவர் விழவே மாட்டாரா என்று கேட்பார்கள். சாய்வார், பலமுறை சாய்வார். ஆனால் சாயும் ஒவ்வொரு முறையும் கால் தரையில் இருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 41-ஆம் வயதில். அதற்கு முன் ஒருமுறை முயன்றது 12-ஆம் வயதில். பெரியப்பாவின் பெரிய சைக்கிள், தெருவின் நட்டநடு, மாலை நேரம். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு பத்தடி போனேன், விழுந்தேன். முழங்காலில் பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர், “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டதும், கூட இருந்தவர்கள் சிரித்ததும் ஆறவில்லை. அடுத்த 29 ஆண்டுகள், யார் கேட்டாலும் “எனக்கு பேலன்ஸ் வராதுங்க” என்றே சொல்லிவந்தேன். என் உடம்பில் ஏதோ குறை இருக்கிறது என்று உண்மையிலேயே நம்பினேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தது எதிர்வீட்டுப் பெண். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி மைதானத்தில், காலை ஐந்தே முக்கால் மணிக்கு, கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

“அத்தை, முன்சக்கரத்தப் பாக்காதீங்க. அந்த வேப்பமரத்தப் பாருங்க.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா கால ஊனிக்கோங்க. அதான் சீட்ட எறக்கியாச்சே.”

தைரியமாக இருங்கள் என்றோ, பயப்படாதீர்கள் என்றோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயத்தோடேயே ஓட்டுவதற்கு வழி செய்துகொடுத்தாள். தோல்வி பயத்தைப் பற்றி நான் படித்த பல புத்தகங்கள் அந்தப் பயத்தை முதலில் விரட்டச் சொல்கின்றன. விரட்டிய பிறகு இறங்கலாம் என்கின்றன. என் அனுபவத்தில் பயம் அப்படிப் போனதே இல்லை. இறங்கி, நாலைந்து முறை சாய்ந்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே தெரிந்துகொண்ட பிறகுதான் போனது. ஆகவே இந்த அத்தியாயத்தில் துணிச்சலைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. சீட்டை எப்படி இறக்குவது என்பதைப் பற்றியே பேசுவோம்.

எது போய்விடும் என்று பயம்?

ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்ய நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் ஒரு காரியத்தை எழுதுங்கள். நீச்சல், ஸ்கூட்டர், இங்கிலீஷ் பேசுவது, விட்டுப்போன படிப்பு, வீட்டிலிருந்து சின்ன வியாபாரம், எதுவானாலும் சரி. அதற்குக் கீழே, அது சரியாக வராவிட்டால் எது போகும் என்று எழுதுங்கள். ‘எல்லாம் போய்விடும்’ என்று எழுதாதீர்கள். அடிபடுமா, காசு போகுமா, மானம் போகுமா என்று பிரித்து எழுதுங்கள்.

பிரிப்பது முக்கியம். நமக்குள் இந்த மூன்றும் ஒரே உருண்டையாகக் கிடக்கும். உருண்டையை யாராலும் தூக்க முடியாது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு. அடிபடும் பயத்துக்கு, விழும் உயரத்தைக் குறைக்கலாம். காசு போகும் பயத்துக்கு, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை முதலிலேயே முடிவுசெய்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் இறக்காமல் இருக்கலாம். இவை இரண்டும் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடியவை.

மூன்றாவதுதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. பலரிடம் இந்தத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். காசு, அடி என்று தொடங்குவார்கள். பேனாவை வைக்கப் போகும் நேரத்தில் தயங்கி, ஓரத்தில் ஒரு வரி எழுதுவார்கள்: ‘நாலு பேர் என்ன சொல்வாங்க.’ பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான் உண்மையான காரணம்.

அந்த நாலு பேர்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அது ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படியான ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டார்கள். பாரி மானிலோ என்ற பாடகரின் பெரிய படம் போட்ட டி-ஷர்ட். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அவர் பழைய காலத்து ஆள். அந்த டி-ஷர்ட்டோடு அந்த மாணவரை மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். சில நிமிடம் கழித்து வெளியே கூப்பிட்டு, உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் உங்கள் டி-ஷர்ட்டில் இருப்பது யாரென்று கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். இப்படிப் பலரை வைத்துச் சோதித்ததில், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது, கவனித்தது சுமார் நாலில் ஒருவர்தான்.

நம் மேல் விளக்கு அடித்துக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் இந்த மயக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நீங்கள் பயப்படும் நாலு பேரில் மூன்று பேர் பார்க்கவே இல்லை. பார்த்த ஒருவரும் வீட்டுக்குப் போனால் கேஸ் புக் பண்ணியாச்சா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா என்ற கவலையில் உங்களை மறந்துவிடுவார். என் திண்ணைக்காரரைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அன்போடு விசாரித்தார். சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தேன். அவருக்கு அப்படி ஒரு நாளே ஞாபகம் இல்லை.

ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டதால் மட்டும் கூச்சம் போய்விடாது. நம் ஊரில், அதிலும் பெண்களுக்கு, பார்ப்பவர்கள் உண்மையிலேயே பேசவும் செய்கிறார்கள். அதை இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பேச்சு வரும் இடத்தில் என்ன செய்வது என்பதற்கு, நமக்குப் பக்கத்திலேயே ஒரு மாவட்டம் பதில் சொல்லியிருக்கிறது.

புதுக்கோட்டையில் நடந்தது

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்தறிவுப் பணிக்காகப் பெண் தொண்டர்கள் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் போக வேண்டியிருந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். எழுதப் படிக்கத் தெரிவதோடு, நினைத்த இடத்துக்குத் தானாகப் போகத் தெரிவதும் சேர்ந்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது.

அன்றைய கிராமத்தில் ஒரு பெண் சைக்கிள் ஏறினால் என்னென்ன பேச்சு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வந்தது. கேலியும் வசவும் வந்தன. ஆனால் கற்றவர்கள் தனித்தனியாகக் கற்கவில்லை. மாலையில், ஞாயிற்றுக்கிழமையில், கூட்டமாகக் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலைசெய்யும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். நேற்றுக் கற்றவர் இன்று இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1992 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த மாவட்டத்துக்குப் போய் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கட்டுரை பின்னால் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. வடக்கே எங்கோ இருக்கும் பிள்ளைகள் நம் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் படித்து வளர்ந்தார்கள்.

சாய்நாத் எழுதியதில் என் மனசில் தங்கிவிட்ட விவரம் ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதில் சிலர், லேடீஸ் சைக்கிள் கிடைத்தாலும் வேண்டாம் என்றார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்குத் தடை என்று எல்லோரும் நினைத்த கம்பி, அவளுக்குப் பிள்ளையின் இருக்கை ஆகிவிட்டது. ஓட்டத் தொடங்கிய பிறகுதான் இப்படி ஒன்று கண்ணில் படும். வெளியே நின்று யோசித்துக்கொண்டிருந்தால் படாது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கூட்டம். ஒரே ஒரு பெண் விழுந்தால் அது வேடிக்கை. முப்பது பெண்கள் ஒரே மைதானத்தில் விழுந்து எழுந்தால் அது பயிற்சி. நீங்கள் கற்க நினைப்பதை, உங்களைப் போலவே தெரியாத இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து தொடங்குங்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் நடுவில் போய் உட்காராதீர்கள். உங்களைவிடக் கொஞ்சம் முன்னால் போனவர் ஒருவர் இருந்தால் போதும். போன மாதம் கற்றவருக்குத்தான் எங்கே கால் நடுங்கும் என்று ஞாபகம் இருக்கும்.

கிணற்றிலும் கடையிலும் இருந்த ஏற்பாடு

சீட்டை இறக்குவது போன்ற ஏற்பாடு நம் ஊர்களில் முன்பே இருந்தது. கிணற்றில் நீச்சல் பழக்கும்போது முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டிவிடுவார்கள்; பின்னாளில் அது பிளாஸ்டிக் கேன் ஆனது. மாமாவோ அண்ணனோ தண்ணீருக்குள் முன்பே இறங்கி நிற்பார்கள். குடுவை இருக்கும்வரை பிள்ளை கையைக் காலை எப்படி அடித்தாலும் முழுகாது. தப்பாக அடிக்கலாம், திரும்பத் திரும்ப அடிக்கலாம். பழகப் பழக, பிள்ளைக்குத் தெரியாமலே கட்டைத் தளர்த்துவார்கள். ஒரு நாள் குடுவை தனியே மிதந்துகொண்டிருக்கும், பிள்ளை தனியே நீந்திக்கொண்டிருக்கும்.

வாடகை சைக்கிள் கடையும் அப்படித்தான். மட்கார்டில் பெயின்ட்டால் நம்பர் எழுதிய சின்ன சைக்கிள், மணிக்கணக்கில் வாடகை, நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார்கள். சொந்தமாக வாங்கிவிட்டு ஓட்டத் தெரியாமல் நிற்கும் அவமானம் அதில் கிடையாது. ஒரு மணி நேர வாடகைதான் நஷ்டம். ஒரு தலைமுறையே அந்தச் சில்லறைக் காசில் சைக்கிள் கற்றது.

நீங்கள் தொடங்கப்போகும் காரியத்துக்கு எது சுரைக்குடுவை, எது வாடகை சைக்கிள் என்று தேடுங்கள். ஊறுகாய் வியாபாரம் செய்ய ஆசைப்படும் ஒரு சகோதரி, கடைக்கு அட்வான்ஸ், பாட்டில், லேபிள், மிஷின் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையைப் பார்த்தே மூன்று வருடம் ஒத்திப்போட்டிருந்தார். மாங்காய் இரண்டு கிலோ வாங்கி ஊறுகாய் போட்டு, தெரிந்த பத்து வீட்டுக்கு சின்ன டப்பாவில் காசுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். இனாமாகக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன்; இனாமாகக் கொடுத்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதில் கற்க ஒன்றுமில்லை. பத்தில் ஆறு வீடு மறுபடி கேட்டது. இரண்டு வீட்டில் உப்பு தூக்கல் என்றார்கள். அந்த இரண்டு வீட்டின் பேச்சுதான் அவருக்கு அதிகம் பயன்பட்டது. கடை வைத்த பிறகு அது தெரிந்திருந்தால் எவ்வளவு பணம் போயிருக்கும் என்று அவரே சொன்னார்.

இங்கிலீஷ் பேசக் கூச்சப்படுபவர்கள் முதலில் ஆபீஸ் மீட்டிங்கில் தொடங்க வேண்டாம். மீட்டிங் என்பது சீட்டை உயர்த்திக் கட்டிய சைக்கிள். கஸ்டமர் கேருக்கு போன் போட்டு இங்கிலீஷைத் தேர்ந்தெடுங்கள். எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது, மறுபடி உங்களைச் சந்திக்கப் போவதும் இல்லை. தடுமாறினால் ‘தமிழ்ல பேசலாமா?’ என்று மாறிக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று போன். ஒரு மாதத்தில் நாக்கு கொஞ்சம் தளரும்.

எதை எண்ணுவது

கற்கத் தொடங்கியதும் நாம் செய்யும் தவறு, முதல் நாளிலிருந்தே ‘வந்துவிட்டதா?’ என்று அளப்பது. வந்திருக்காது. மூன்றாம் நாளும் வந்திருக்காது. ‘எனக்கு இது சரிப்படாது’ என்ற தீர்ப்பு நாலாம் நாளில் வரும். ஆகவே முதல் பதினைந்து நாளைக்கு வந்ததா என்று பார்க்காதீர்கள். எத்தனை முறை முயன்றோம் என்று மட்டும் எண்ணுங்கள். காலண்டர் தாளில் ஒரு கோடு போதும். நான் சைக்கிள் கற்ற நாட்களில் தினம் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் ஆனதும், நன்றாக வந்தாலும் நிறுத்திவிடுவேன். களைத்த உடம்பு தவறாகவே பழகும். அன்றைய கடைசி ஞாபகம் விழுந்ததாக இருந்தால், மறுநாள் கால் மைதானத்துக்குப் போகாது.

சைக்கிளில் ஒரு விநோதமான விதி உண்டு. எந்தப் பக்கம் விழப்போகிறோமோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். பயம் நம்மை எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்லும். இழுத்தால் விழுவது உறுதி. விழும் பக்கம் திருப்பினால் சக்கரம் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். மற்ற முயற்சிகளிலும் இது உதவும். எங்கே தடுமாறுகிறதோ அங்கேயே மறுநாள் பயிற்சியைத் திருப்புங்கள். கணக்கில் பின்னம் புரியவில்லை என்றால் அதைத் தாண்டி அடுத்த பாடத்துக்கு ஓடாமல், அந்தப் பின்னத்திலேயே இன்னும் இரண்டு நாள் உட்காருங்கள்.

பயப்பட வேண்டிய இடங்கள்

எல்லாப் பயமும் பொய் இல்லை. கூட ஆள் இல்லாமல் ஆழத்தில் இறங்காதீர்கள். துணிச்சல் இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் தாங்கிவிடாது. தாலிச் சங்கிலியையோ குடியிருக்கும் வீட்டையோ அடகு வைத்து முதல் வியாபாரத்தைத் தொடங்க வேண்டாம். ஒருமுறை தோற்றால் மறுமுறை முயலவே முடியாது என்ற நிலைமையில் யாராவது ‘துணிஞ்சு இறங்கு’ என்று சொன்னால், சொல்பவர் கையில் என்ன பணயம் இருக்கிறது என்று பாருங்கள். மறுபடி முயல வழி வைத்துவிட்டுத் தோற்பதுதான் பழகுவது. வழியை அடைத்துவிட்டுத் தோற்பது சேதம். இந்த வித்தியாசத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் நிற்பவர்களுக்கு

இந்தப் புத்தகத்தைப் படிக்கும் பெற்றோரும் கணவன்மாரும் மனைவிமாரும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்கினால், முதல் மாதம் சிரிக்காதீர்கள். அன்பாகச் சிரித்தாலும் வேண்டாம். மகள் தேய்த்த முதல் தோசை, அம்மா அனுப்பிய முதல் வாட்ஸ்அப் குரல் செய்தி, அப்பா யூடியூப் பார்த்துப் பழகும் கீபோர்டு, இவற்றை உறவினர் முன்னால் கதையாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது ஐந்து நிமிடக் கலகலப்பு. அவருக்கு அது 29 வருடம் நீளலாம்.

குழந்தைகளின் மார்க்கும் அப்படித்தான். 2017 முதல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம் இன்னார் என்று அறிவிப்பது நின்றுபோனது. நல்ல முடிவு. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தப் பட்டியல் இன்னும் ஓடுகிறது. சித்தப்பா மகன் எவ்வளவு, பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்று. தோல்வியை எல்லோர் முன்னாலும் வாசிக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, வாசிக்க ஒன்றுமில்லாதபடி வாழப் பழகிக்கொள்ளும். அதற்குத் தெரிந்த ஒரே வழி, தெரியாத எதையும் தொடாமல் இருப்பது.

முதலில் எழுதிய தாள் உங்களிடம் இருக்கிறதல்லவா? அதில் ஒரே ஒரு வரி மீதி இருக்கிறது. நீங்கள் எழுதிய காரியத்தின் மிகச் சிறிய வடிவம் எது, அதை எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஆளுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். சைக்கிள்தான் என்றால், காலை ஆறு மணிக்கு முன்னால் பள்ளி மைதானம் காலியாக இருக்கும். இன்று இரவே சீட்டை இறக்கி வைத்துவிட்டுப் படுங்கள்.